தேசிக்காய் குத்திய துவக்கு

என் கணவர் என் துவக்கைத் தொட்டது வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான். அந்த ஒரு முறையே போதுமாக இருந்தது.

துவக்கு என்றதும் எங்கள் சனத்துக்கு முகம் மாறிவிடும். அதை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து என் வயதில் இருக்கிறவர்களுக்குத் துவக்கு என்றால் ஒன்றில் அதைக் கண்டு ஓடி ஒளியவேண்டும், அல்லது மாலை போட்ட படத்தில் யாரோ ஒரு பெடியனின் தோளில் அது தொங்கும். மெல்பேணுக்கு வந்து பல வருடங்கள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை ஒரு பல் லாப்பில். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்லுக்கு மூடியும் பல் கட்டும் செய்து அனுப்புகிற இடம். பக்கத்து மேசையில் வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி, தன் கழகத்தில் ஒரு சனிக்கிழமை யாரும் வந்து சுட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிக் கூப்பிட்டாள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

பாயில் குப்புறப் படுக்க வைத்தார்கள். காதை மூடினார்கள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி, நடுவில் ஒரு கறுப்பு வட்டம். சாவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல இழுத்தேன். அன்று பின்னேரம் முழுவதும் உப்புக் காணுமா, சீனி முடிந்துவிட்டதா, கோயிலுக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. என் மூச்சுச் சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ காலம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனேன். பிறகு நிற்கவில்லை.

கணவரை நான் 'இவர்' என்றுதான் சொல்வேன். எங்கள் பழக்கம் அது. இவருக்கு விமான நிலையத்தில் வேலை. ஓடுபாதைப் பக்கம் போய்வரக் கழுத்தில் ஒரு பாதுகாப்பு அட்டை போட்டிருப்பார். அந்த அட்டைதான் அவருடைய வேலை. மீதி நேரமெல்லாம் கோயில் கமிட்டி. நான் சுடப் போகிறேன் என்றதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பொம்பிளையளுக்கு ஏனப்பா உந்தக் கண்டறியாத வேலை? யோகாவுக்குப் போகலாம். இல்லாட்டிக் கோயில்ல இருந்து மாலை கட்டலாம்."

"மாலை கட்டக் கோயில்ல போதுமான ஆக்கள் இருக்கினம். நான் சுடப் போறன்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனத்தையும் வரச் சொல்லுங்கோ. பாய் கிடக்கு."

அதன் பிறகு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

பயிற்சி முடித்து, லைசென்ஸ் எடுத்து, கழகத்துத் துவக்கால் இரண்டு வருடம் சுட்ட பிறகு எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. புதியதில் எனக்கு மனம் போகவில்லை. கடையின் பின்னறையில் ஒரு மூலையில் பழைய போல்ட் அக்‌ஷன் ரைபிள் ஒன்று சாத்தியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை உயர்த்திப் பின்னுக்கு இழுத்து, சன்னத்தை வைத்து, முன்னுக்குத் தள்ளிப் பூட்டவேண்டும். அவசரக்காரருக்குச் சரிவராத சாமான். யாரோ ஒருவர் பல வருடம் போட்டிகளில் சுட்டுக் குழலைத் தேய்த்து முடித்திருந்தார். மரக்கட்டை எண்ணெய் ஊறிக் கறுத்து, பிடிக்குப் பின்னால் வெடித்திருந்தது. பாகங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் கடைக்காரர். நான் போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். இழுக்கும்போது ஒரு இடத்திலும் தடக்கவில்லை, ஆடவில்லை. இந்த இரும்பு நல்ல இரும்பு என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தபோது வைத்துக்கொள்ளத்தக்கதாக இருந்தது அந்த போல்ட்டும் அது ஓடுகிற இரும்புக் கூடும் மட்டும்தான். மற்றதெல்லாம் புதிதாகச் செய்யவேண்டும். குழல் மாற்றுவது என் வேலை இல்லை. அதற்கு நகரத்துக்கு வடக்கே தகரக் கொட்டகையில் இருக்கும் துவக்குத் திருத்துகிறவரிடம் கொடுத்தேன். அவர் பழைய குழலுக்குள் ஒரு சின்னக் கமராவை விட்டுத் திரையில் காட்டினார். சன்னம் உள்ளே நுழைகிற இடம் வற்றிய குளத்தின் அடிபோலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புதிய குழல் நீளமாக, கனமாக, தொள்ளாயிரம் மீட்டருக்கென்றே வந்தது. நான்கு மாதம் காத்திருந்தேன்.

மரக்கட்டை என் வேலை. வால்நட் பலகை ஒன்றை வாங்கி, கராஜில் கார் நிற்கிற இடத்தில் மேசை போட்டு, செதுக்கத் தொடங்கினேன். இந்த வேலையில் ஒரேயொரு விஷயம்தான் விஷயம். இரும்பு மரத்தில் உட்காருகிற இடம் முழுவதும் ஒரே சீராகத் தொடவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு மரத்துக்குள் மயிரளவு அசையும். இங்கே மயிரளவு அசைந்தால் தொள்ளாயிரம் மீட்டரில் ஒரு முழம் தள்ளிப் போகும். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. லாப்பில் ஒரு பல் மூடி செய்தால் எங்கே முட்டுகிறது என்று பார்க்க மெல்லிய நீலக் கடதாசியை வைத்து அச்சைக் கடிக்கப் பண்ணுவோம். முட்டுகிற இடத்தில் நீலம் ஒட்டும், அந்த இடத்தை மட்டும் சுரண்டுவோம். அதே நீலக் கடதாசியைத்தான் துவக்குக்கும் வைத்தேன். வைப்பேன், அழுத்துவேன், எடுப்பேன், நீலத்தைச் சுரண்டுவேன், மறுபடி வைப்பேன். ஒரு குளிர்காலம் முழுவதும் அதிலேயே போனது.

கடைசியில் எப்பொக்சிப் பசை. திருகாணி ஓட்டைகளையெல்லாம் பல் மெழுகால் அடைத்து, இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கொரு பூச்சுப் பூசி, பசையை மரத்தின் குழியில் ஊற்றி, இரும்பை வைத்து அழுத்தி, ஒரு முழு நாள் விடவேண்டும். பூச்சில் ஒரு இடம் தவறியிருந்தாலும் இரும்பும் மரமும் ஒட்டியது ஒட்டியதுதான், வாளால் அரிந்துதான் எடுக்கவேண்டும். மறுநாள் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். டொக் என்று கழன்றது. உள்ளே பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. ஒவ்வொரு மூலையும் வார்த்த பல் அச்சுப்போலச் சுத்தமாக இருந்தது. தனியாக நின்று சிரித்தேன். அந்த நேரம் இவர் கராஜ் கதவைத் திறந்து பார்த்தார்.

"என்ன சிரிப்பு? கார் விட இடமில்லை," என்றார்.

வாங்கோ, வந்து பாருங்கோ என்று எனக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தாலும் வந்திருக்கமாட்டார்.

இப்போது பூட்டுத் திறப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். துவக்கை இரும்புப் பெட்டியில்தான் வைக்கவேண்டும், பெட்டி சுவரோடு பூட்டியிருக்கவேண்டும், திறப்பு லைசென்ஸ் உள்ள ஆளிடம் மட்டும்தான் இருக்கலாம். பெட்டியைப் பார்க்க வந்த பொலிஸ்காரர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் வேறு எவர் கைக்கும் போகக்கூடாது, கணவர் கைக்கும்தான் என்றார். எங்கே வைப்பது என்று யோசித்தேன். எங்கள் பெண்கள் தாலிச் சங்கிலியில் இரண்டு ஊசி கொழுவி வைத்திருப்போமே, சேலைக்கும் அவசரத்துக்கும், அந்த ஊசிகளோடு திறப்பையும் கொழுவிவிட்டேன். குளிக்கும்போதும் படுக்கும்போதும் கழுத்தை விட்டு இறங்காத இடம் அதைவிட வேறென்ன. தாலியும் திறப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சட்டைக்குள் கிடந்தன. லாப்பில் வெள்ளைக்காரிக்குக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

வசந்தம் தொடங்கும்போது துவக்கை முதல்முறை தொள்ளாயிரம் மீட்டருக்குக் கொண்டுபோனேன். அந்தத் தூரத்தில் கண்ணுக்குக் குறி ஒரு கடுகு. இடையில் காற்று இரண்டு மூன்று விதமாக அடிக்கும். கொடிகளையும் பார்க்கவேண்டும், தொலைநோக்கியில் தரைக்கு மேலே ஓடுகிற கானலையும் பார்க்கவேண்டும். கானல் எந்தப் பக்கம் சரிகிறதோ அதற்கேற்பக் குறியைத் திருப்பவேண்டும். அன்று பத்து வெடி வைத்தேன். பத்தாவது முடிய, பின்னால் நின்று புள்ளி எழுதிய மனிசன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அடுத்த கிழமை என்னைக் கழகத்தின் நால்வர் அணியில் போட்டார்கள். ஒக்டோபர் கடைசியில் பெரிய போட்டி. நாலு பேரில் நான் ஒருத்தி. நாற்பது வயதுக்குப் பிறகு எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு இடம்தான், அதை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, சுட்டு எடுத்தேன். வீட்டில் சொன்னேன். ஓமோ, நல்லது என்று சொல்லிவிட்டு இவர் போனைப் பார்த்தார்.

பிறகு வந்தது ஆயுத பூசை.

எங்கள் வீட்டுப் பூசைக்கு அந்த முறை கோயில் தலைவரும் கமிட்டி ஆட்களும் வருவதாக இருந்தது. இவருக்குக் காலையிலிருந்தே கால் நிலத்தில் நிற்கவில்லை. நான் குளித்து வந்ததும் அறை வாசலில் நின்றார்.

"இஞ்சை, தாலிக்கொடியைப் போடும். தலைவர் ஆக்கள் வருகினம். உந்த நூல் மாதிரிச் சங்கிலியோட நிக்காதையும்."

தாலிக்கொடி என்பது கலியாணத்துக்குப் போட்ட கனத்த கொடி. யாழ்ப்பாணத்துப் பெண்கள் அதை நாளாந்தம் போடுவதில்லை. கோயில், கலியாணவீடு என்றால்தான் வெளியே வரும், மற்ற நாட்களில் சின்னத் தாலி கோத்த மெல்லிய சங்கிலிதான். சரியென்று மெல்லிய சங்கிலியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுக் கொடியைப் போட்டேன். திறப்பும் சங்கிலியோடு லாச்சிக்குள் போனது. அதை நான் யோசிக்கவில்லை. கொடி போடும்போது சங்கிலியைக் கழற்றுவது இருபத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. வெற்றிலையும் பூவும் காணாது, கடைக்கு ஓடிப்போய் வாரும் என்றார். போனேன்.

திரும்பி வரும்போது வாசலில் ஐந்தாறு சோடிச் செருப்பு. உள்ளே மணிச் சத்தம், கற்பூர வாசம். சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் கூறைச்சேலையை விரித்து, அதன்மேல் என் துவக்கு கிடந்தது. போல்ட்டில் சந்தனம். மரக்கட்டையில், சுடும்போது நான் கன்னத்தை வைக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். குழலின் வாயில், கோயில் வேலின் நுனியில் குத்துகிற மாதிரியே, ஒரு தேசிக்காய். வாய் மொட்டையானது என்பதால் தேசிக்காயில் துளை போட்டு இறுக்கிச் செருகியிருந்தார். சாறு குழலில் வடிந்திருந்தது.

ஒரு குழலில் மற்றதெல்லாம் பரவாயில்லை, அந்த வாய்தான் முக்கியம். சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு அது. அங்கே ஒரு கீறல், ஒரு துரு, ஒரு பொட்டுப் பள்ளம் இருந்தால் சன்னம் கோணும். அந்த விளிம்பில் பூச்சு எதுவும் இல்லை, வெறும் இரும்பு. அதில் புளி ஊறிக்கொண்டிருந்தது.

"ஆர் இதை எடுத்தது?" என்றேன்.

இவர் கற்பூரத் தட்டோடு திரும்பினார். முகம் முழுக்கப் பெருமை. அவ்வளவு பெருமையை நான் அவர் முகத்தில் எங்கள் மகள் பிறந்த அன்றுதான் கண்டிருக்கிறேன்.

"நான்தான். மற்ற வீடுகளில கத்திரிக்கோலும் லப்டொப்பும் வைக்கினம். எங்கட வீட்டில உண்மையான ஆயுதம். இஞ்சை, கும்பிடும்."

தலைவர் தலையாட்டினார். "நல்லாயிருக்குத் தங்கச்சி. இதுதான் ஆயுத பூசை."

எனக்கு உச்சியில் நெருப்பு ஏறியது. கண்டறியாத வேலை என்று இத்தனை காலம் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிந்த மனிசனுக்கு, சபைக்கு முன்னால் காட்ட அது வேண்டியிருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு போய்த் தேசிக்காயைப் பிடுங்கினேன், துவக்கைத் தூக்கினேன்.

"என்ன செய்யிறீர்? இண்டைக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கிறது," என்று இவர் பதறினார்.

"நாளைவரைக்கும் இது இதிலயே கிடக்கவோ?"

"பூசையில வச்ச சாமானப்பா."

பெண்கள் இரண்டு பேர் வாயில் கைவைத்தார்கள். நான் கராஜுக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். குழலைத் துடைத்தேன், உள்ளே எண்ணெய் விட்டு இழுத்தேன், சந்தனக் கட்டி ஒன்று வெளியே வந்தது. வாயின் விளிம்பைப் பல் பார்க்கிற பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளப்புப் போய் மங்கியிருந்தது. அது வெறும் கறையா, இரும்பைத் தின்ற அடையாளமா என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். குங்குமம் எண்ணெய் சரியாகக் காயாத வால்நட்டில் இறங்கிவிட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உள்ளே அவர்கள் அவலும் கடலையும் தின்றுகொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் கடையில் நின்ற நேரத்திலேயே கமிட்டியில் ஒருவர் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தார். படத்தில் ஒரு மனிசரும் இல்லை. சரஸ்வதி, குத்துவிளக்கு, வாழைப்பழம், துவக்கு, அதன் வாயில் தேசிக்காய். அது அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே போய், இரண்டு நாளில் எனக்கே என் துவக்கின் படம் சிட்னியிலிருந்து வந்தது. யார் பொலிசுக்கு அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் சனத்தில் ஒருவர்தான். அனுப்பியவரும் பிறகு வீட்டுக்கு வந்து, ஐயோ யார் இந்த வேலை செய்தது என்று கேட்டிருப்பார், நான் தேத்தண்ணியும் கொடுத்திருப்பேன்.

பொலிஸ் போன் எடுத்து, செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருகிறோம் என்றது. விஷயம் எளிது. துவக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தது யார் என்பதுதான் கேள்வி. லைசென்ஸ் இல்லாத இவர் எடுத்தார் என்றால் அவர்மேல் வழக்கு வரும், பாதுகாப்பு அட்டை போகும், வேலை போகும். நான் எடுத்து ஆட்கள் நடமாடுகிற அறையில் கிடத்தினேன் என்றால் என் லைசென்ஸ் போகும், துவக்கு போகும். போட்டிக்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை.

மகள் சிட்னியில் பிளாக்டவுனில் இருக்கிறாள். போனில் அழுதேன். "அம்மா, ஜஸ்ட் டெல் தெம் த ட்ரூத்," என்றாள். "அப்பா எடுத்தார், அப்பா சொல்லட்டும்." பிள்ளைகளுக்கு எல்லாம் நேர்கோடு.

அதைத்தான் நானும் இவரிடம் சொன்னேன்.

"நீங்கள்தானே எடுத்தனீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

"என்ர கார்ட் போனா வேலை போச்சு. இந்த வயசில எங்க போய் வேலை தேடுறது?"

"அப்ப என்ர துவக்கு?"

"உமக்கு அது விளையாட்டுத்தானே," என்றார். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, சரி. அவையள் வரட்டும். நான் கதைக்கிறன். நீர் ஒண்டும் கதையாதையும்."

நான் கதைக்கிறேன் என்றார். அதை நான் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக வந்தார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டார்கள். கதிரையில் இருத்தினேன். அந்தப் பெண் படத்தைக் கடதாசியில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். மேசையில் வைத்தாள்.

அப்போது இவர் எழுந்தார். "டீ? கோப்பி?" என்று அவர்களிடம் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் குசினிக்குள் போனார். கலியாணம் கட்டின நாளிலிருந்து எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தராத மனிசன். சீனி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனிசன்.

இதைப் பெட்டியிலிருந்து எடுத்தது யார் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எங்கள் குசினிக்குக் கதவு கிடையாது. ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்கும். நான் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தேன். தண்ணீர் சூடாகும் சத்தம் வந்தது, கூடியது, கொதித்தது, கேத்தல் டக் என்று நின்றது. வருவார் என்று பார்த்தேன். கோப்பை எடுக்கிற சத்தம் இல்லை. கரண்டிச் சத்தம் இல்லை. குசினிக்குள் அவர் அசையாமல் நின்றார். காற்று மாறுமா என்று நான் பாயில் கிடந்து எத்தனையோ முறை காத்திருக்கிறேன், அங்கே காத்திருந்தால் எப்படியும் மாறும்.

"நான்தான் எடுத்தேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

உடனே குசினியில் கரண்டி கிணுங்கத் தொடங்கியது.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அவளுக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்றேன். பெட்டியைத் திறந்து துவக்கை அவர்களிடம் நானே கொடுத்தேன். இவர் தட்டில் தேத்தண்ணியோடு வந்தார். சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருந்தார். அவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

லைசென்ஸ் ரத்து. பல வருடத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. போட்டியில் என் இடத்தில் வேறு ஒருவரைப் போட்டார்கள். வெள்ளைக்காரி லாப்பில் ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. சாமியறையில் துவக்கைக் கிடத்துகிற ஆள் நான் என்று அவள் நினைத்ததுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது. அவளிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒருவரிடம் சொன்னால் பிறகு நிறுத்தமுடியாது.

எங்கள் சனம் வேறு கதை வைத்திருந்தது. கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூசையில வச்சதைப் பாதியில எடுத்தா இப்பிடித்தான் பிள்ளை வரும்," என்றா. அன்று எங்கள் வீட்டில் கற்பூரம் தொட்டுக் கும்பிட்டவ. பெட்டியிலிருந்து துவக்கை எடுத்தது தான்தான் என்று இவர் சொன்னதைத் தன் காதால் கேட்டவ. நான் அவவின் கையிலிருந்து என் கையை எடுத்தேன். வேறென்ன செய்ய. இவர் எல்லோருக்கும் சொன்னது இன்னொன்று. "அவ தானா விட்டிட்டா. அலுப்புப் பிடிச்சுப் போச்சு."

பொலிஸ் கொண்டுபோன துவக்கைக் கடை மூலம் விற்கத்தான் விட்டார்கள். வேறொரு கழகத்தில் சுடுகிற ஒருவர் வாங்கினார். குளிர்காலத்தில் ஒரு நாள் கடைக்காரர், அந்த ஆள் உன்னோடு பேச விரும்புகிறார், நம்பர் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். அவர் போனில் நல்ல சந்தோசமாக இருந்தார். இரும்பு மரத்தில் உட்கார்ந்திருக்கிற விதத்தைக் கழற்றிப் பார்த்ததாகவும், இப்படி ஒன்றைத் தான் கண்டதில்லை என்றும் சொன்னார். எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்டார். என் கராஜில் என்றேன். கன்னம் வைக்கிற இடத்தில் ஒரு சிவப்பு இருக்கிறதே, அது என்ன மரத்தின் நிறம் என்று கேட்டார். சாயம் என்று சொல்லி விட்டுவிட்டேன். நான் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"தொள்ளாயிரத்தில் எப்படிச் சுடுகிறது?"

பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குள் என்றார்.

தேசிக்காய் ஒன்றும் செய்யவில்லை. துவக்குக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கராஜுக்குள் போய், வெறும் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, வாய்விட்டு அழுதேன். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போனேன். மெல்லிய சங்கிலியைக் கழற்றினேன். திறப்பை மட்டும் அதிலிருந்து எடுத்தேன். அலுமாரியிலிருந்து தாலிக்கொடியையும் எடுத்துக்கொண்டு வந்து, இரண்டையும் துவக்கு நின்ற இடத்தில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். திறப்பை லாப்புக்குக் கொண்டுபோய் நீலக் கடதாசி வைக்கிற டப்பாவுக்குள் போட்டேன். இவர் கவனிக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் கழுத்துவரை சுவெட்டர் போட்டிருந்தேன் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் குளிர் போய் சுவெட்டரும் போனது, அப்போதும் அவர் கவனிக்கவில்லை.

மறுபடி ஆயுத பூசை வந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் இவருடைய லப்டொப்பும் கார்த் திறப்பும் இருந்தன. பாதுகாப்பு அட்டையும் இருந்தது, அதற்கு நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. இவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சை, தாலிக்கொடியைப் போடும். தலைவர் ஆக்கள் வருகினம்."

"அது பூட்டிக் கிடக்கு."

"எங்கை?"

"துவக்குப் பெட்டிக்குள்ள."

அப்போதுதான் என் கழுத்தைப் பார்த்தார்.

"மற்றச் சங்கிலி?"

"அதுவும்தான்."

கையை நீட்டினார். "திறப்பைத் தாரும்."

"லைசென்ஸ் இல்லாத ஆளிட்டத் திறப்புக் குடுக்கேலாது."

"உமக்கும்தானே இப்ப லைசென்ஸ் இல்லை," என்றார்.

"ஓம். அதாலதான் நானும் திறக்கிறேல்லை."

வாசலில் மணி அடித்தது. இவர் அசையவில்லை. கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான் திரியை எண்ணெயில் தோய்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெறும் கழுத்தோடு போய்க் கதவைத் திறந்தேன்.